எழுபத்தெட்டு கிலோ

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் அருளம்மாள்பட்டி சனங்கள் பாதிப்பேர் டீக்கடைக்கும் பாதிப்பேர் வீட்டுக்கும் போவார்கள். இந்தத் தவக்காலத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வழிதான். பிரசங்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கடைசி ஆசீர்வாதம் முடிந்த கையோடு விறுவிறுவென்று நல்லதம்பியின் கடலை மண்டிக்கு நடையைக் கட்டினார்கள். அங்கே மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருந்தது. பால்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பான். நல்லதம்பி குனிந்து சிவப்பு எண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற ஆர்வத்தோடு ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

விஷயம் இதுதான். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்றால் சேசு சிலுவையில் பட்ட பாடுகளை நடித்துக் காட்டுவது வழக்கம். அருளம்மாள்பட்டியில் அது ஒரு படி மேலே. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சேசுவாக நடிப்பவரைப் பன்னிரண்டடி வேங்கைமரச் சிலுவையில் துணியால் கட்டி, கயிறு போட்டு நிமிர்த்திவிடுவார்கள். இருபது நிமிடம் அவர் அப்படியே தொங்க வேண்டும். காலை ஊன்றிக்கொள்ள ஒரு சின்னக் கட்டை இருக்கும், அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் சார்லஸ்தான் தொங்கினார். போன வருடம் அவருக்கு முதுகுத்தண்டில் சவ்வு விலகியது. இந்த வருடம் பால்ராஜ் கேட்டான். கோயில் கமிட்டி சரியென்றது, ஒரே ஒரு நிபந்தனையோடு. மரம் பழசு, அதனால் ஏறுகிற ஆள் எழுபத்தெட்டு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று பால்ராஜின் எடை தொண்ணூற்றிரண்டு.

அவனுடைய மனைவி மரிய செல்விக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அளவு கொடுத்துவிட்டுப் போவதற்குள் நாலு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிபிஐ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

பால்ராஜுக்கு இந்த வேடம் ஏன் என்பது அவளுக்குத் தெரியும். மகள் காவ்யா ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஒரு கிலோ இருநூறு கிராம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அப்போது குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பால்ராஜ் போனில் சேதி கேட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் பெரிய வெள்ளிக்கு ஊரில் சிலுவையில் தொங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்து இப்போது நாலாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறாள். ஒன்பது வருடமாகத் தவக்காலத்தில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போன ஆகஸ்டில்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தான், குப்பூஸ் ரொட்டியும் கோழியும் வளர்த்துவிட்ட தொப்பையோடு.

தராசு சொன்ன கணக்கு இப்படிப் போயிற்று. முதல் ஞாயிறு எண்பத்தேழரை. இரண்டாவது எண்பத்தைந்து. மூன்றாவது எண்பத்து மூன்று. நாலாவது எண்பத்தொன்றரை. ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டம் கைதட்டியது. வயதான பெண்கள் அவன் கையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருக்கிறது, இதுதான் மெய்யான தவம் என்று பேசிக்கொண்டார்கள். படியேறும்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், செபம் சொல்லுகிறான் என்று ஒதுங்கி வழி விட்டார்கள். செல்வியின் கண்ணுக்குத் தேஜஸ் எதுவும் தட்டுப்படவில்லை. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்ததுதான் தெரிந்தது. அவன் தலை வாரிய சீப்பைக் கழுவும்போது கொத்துக் கொத்தாக முடி வந்தது.

சேசுவின் வெள்ளை அங்கியைத் தைக்கிற வேலை அவளுடையது. நாலு தடவை பிரித்துப் பிடித்துத் தைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் முளைத்தது. சனிக்கிழமை காலையில் அவன் இடுப்பை டேப்பில் அளந்தால் ஒரு அளவு, ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது முக்கால் அங்குலம் குறைவு, திங்கட்கிழமை மறுபடி பழைய அளவு. துணி சுருங்கும், விரியும். மனுசன் எப்படி ஒரு நாளில் சுருங்கி மறுநாள் விரிவான்? மத்தியானம் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், அதைத் தவிர அவன் எதுவும் தொடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிறகு எங்கே போகிறது, எங்கேயிருந்து வருகிறது? போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை துவைக்கப் போடுகிற பனியனில் உப்புப் பூத்திருந்தது, ரப்பர் வாடையும் அடித்தது.

ஐந்தாவது ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, உச்சி வெயிலில், அவள் வயலுக்குப் போனாள். மோட்டார் கொட்டகைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டியதும் பால்ராஜ் திறந்தான். தகரக் கூரைக்கு அடியில், குவைத்தில் வாங்கிய கனத்த மழைக்கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுப் போட்டிருந்தான். பங்குனி வெயிலில், சொட்டு மழை இல்லாத ஊரில், மழைக்கோட்டு. உதடு வெடித்திருந்தது. தரையில் அவன் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாக இருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அவன் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோனது. எவ்வளவு நேரமாக என்று கேட்டாள். மூன்று மணி நேரம் என்றான். தண்ணீர் குடித்தது எப்போது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றான். நாளைக்குத் தராசில் ஏறி இறங்கியதும் குடித்துக்கொள்வதாகவும், நாலு வாரமாக இப்படித்தான் சமாளிப்பதாகவும் சொன்னான். யூடியூபில் குத்துச்சண்டைக்காரர்கள் செய்கிறார்களாம். எடை போடுவதற்கு முந்தின நாள் பேதி மாத்திரை வேறு.

"யார்ட்டயும் சொல்லிராத செல்வி," என்றான். "இன்னும் ஒரு வாரம்தேன். குருத்து ஞாயித்துக்கெழம எழுபத்தெட்டு காட்டிட்டா முடிஞ்சுது."

அவள் சொல்லவில்லை. மறுநாள் தராசு எழுபத்தொன்பதரை காட்டியது. ஊர் விசில் அடித்தது. செல்வி கூட்டத்திலிருந்து விலகி வீட்டுக்கு நடந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதானே கேட்டான், யாரிடமும் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

முதலில் ஃபெமினா. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம நர்ஸ், தடுப்பூசிக்கு வீடு வீடாக வருகிற பெண். யாரோ தெரிந்தவர் என்று ஆரம்பித்து, ஒரு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்தால் நல்லதா கெட்டதா என்று செல்வி கேட்டாள். ஊரே கைதட்டிய கணக்கு ஃபெமினாவுக்குத் தெரியாதா என்ன. வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ, அதுதான் உடம்பு தாங்கும் என்று அவள் சொன்னாள். அதைவிட வேகமாக இறக்கினால் கொழுப்பு மட்டும் போவதில்லை, சதையும் சேர்ந்து போகும், பித்தப்பையில் கல் உண்டாகலாம், முடி கொட்டும். தண்ணீரும் உப்பும் தாறுமாறாகக் குறைந்தால் நெஞ்சுத் துடிப்பே தடம் மாறும். சாயங்காலமே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தாள். உட்கார்ந்தால் ஒரு கணக்கு, எழுந்து நின்றால் சரசரவென்று இறங்கியது. ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே விராலிமலை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். பெரிய வெள்ளி முடியட்டும் என்று பால்ராஜ் சிரித்து மழுப்பிவிட்டான்.

செல்வி அடுத்து நல்லதம்பியிடம் போனாள். அவர் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். மனிதனைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட மாட்டைப் பற்றி உண்மையைச் சொல்லுவார்கள் என்பது அவள் அனுபவம். சீசன் முடிந்ததும் காளையின் கொழுப்பை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டாள். பருத்திக்கொட்டையை ஒரு பிடி குறைப்போம், பத்து நாள் பொறுத்து இன்னொரு பிடி குறைப்போம், நடையைக் கூட்டுவோம், வைகாசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்றார். ஒரே மாதத்தில் இறக்கினால் என்ன என்று அவள் விடவில்லை. நல்லதம்பி தராசைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மாட்ட யாரும் அப்புடிச் செய்ய மாட்டாங்க ஆத்தா," என்றார். "கால் மடக்கிப் படுத்துரும்."

சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. ஐந்து வாரமாகச் சந்தோஷமாக எண்ணை வாசித்தவர், அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் செல்விக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளாக எடை எப்படிக் குறைகிறது என்றே கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, எழுபத்தெட்டு என்பது எங்கேயிருந்து வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. எழுபத்தைந்து இல்லை, எண்பது இல்லை, அது என்ன எழுபத்தெட்டு? ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. சிபிஐ என்று பேர் வாங்கியவளுக்கும் தோன்றவில்லை. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

சார்லஸ்தான் கமிட்டித் தலைவர். முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மரத்தைப் பார்த்துவிட்டு ஆசாரி சொன்ன கணக்கு அது என்றார். ஆசாரி என்றால் உதயசூரியன், விராலிமலையில் மெயின் ரோட்டோரம் பட்டறை வைத்திருப்பவர். சிலுவைக்கு வருடா வருடம் ஆணியும் பட்டையும் பார்ப்பது அவர்தான். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் செல்வி அங்கே போய் இறங்கினாள். உதயசூரியன் இழைப்புளியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"நா எங்கம்மா கணக்குச் சொன்னேன்? கமிட்டிலேர்ந்து வந்து எழுபத்தெட்டு கிலோ தாங்குமான்னு கேட்டாங்க. தாங்கும்னேன். தொண்ணூறு தாங்குமான்னு யாரும் கேக்கலயே."

செல்வி அங்கே கிடந்த மரக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மறுபடி சார்லஸிடம் போனாள். ஆசாரி சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்டீர்களாம், எழுபத்தெட்டு என்று உங்களுக்கு யார் சொன்னது என்று நேராகக் கேட்டாள். சார்லஸ் நெற்றியைத் தேய்த்தார். கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததை யோசித்து யோசித்துச் சொன்னார். பக்கத்து ஊர் ஒன்றில் சிலுவை சாய்ந்ததாக ஒருவர் பேச்செடுத்திருக்கிறார். இத்தனை வருடம் நம் ஊரில் சாயவில்லையே, சார்லஸ் எடைக்குத் தாங்கியதே, அதற்கு மேல் போய் எதற்கு வம்பு என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். சார்லஸ் எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறார்கள். முதுகு டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததை அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டை எடுத்தும் காட்டினார். எடை எழுபத்தெட்டு.

கமிட்டி ஆசாரியைக் கைகாட்டியது, ஆசாரி கமிட்டியைக் கைகாட்டினார், நடுவில் ஒரு மனுசன் வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்விக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுவதைவிட அவளுக்கு வேறொன்று அவசரமாக இருந்தது. தொண்ணூறு தாங்குமா தாங்காதா? அது தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் பால்ராஜிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. நம்பினாலும் கமிட்டி சொன்னது சொன்னதுதான், இப்போது போய்த் தகராறு செய்தால் வேடத்தையே பிடுங்கிவிடுவார்கள் என்றான். சனிக்கிழமை விடிந்ததும் பேதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டான்.

செல்வி சார்லஸைச் சம்மதிக்க வைத்ததில், அன்று காலை எட்டு மணிக்குக் கோயில் திடலில் சிலுவையை வெளியே எடுத்தார்கள். உதயசூரியன் தானே பைக்கில் வந்திருந்தார். கேள்வி அவரையும் தொற்றிக்கொண்டிருந்தது. நல்லதம்பி மூன்று கடலை மூட்டையை நிறுத்துக் கொண்டுவந்தார். மொத்தம் நூற்றிருபது கிலோ. சார்லஸ் பெல்ட்டோடு நின்று வேலை வாங்கினார். கைகட்டுகிற இடத்தில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு மூட்டை, காலூன்றும் கட்டையில் ஒன்று. கயிறு போட்டு நிமிர்த்தினார்கள். சிலுவை எழுந்து குழிக்குள் இறங்கி நின்றது. சனம் கூடிவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். உதயசூரியன் அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டார். ஒரு முனகல்கூட இல்லை என்றார். ஒரு மணி நேரம் ஆகியும் மூட்டைகள் அப்படியே தொங்கின.

யாரோ போய்ச் சொல்லி பால்ராஜ் வந்தான். மழைக்கோட்டைக் கழற்றக்கூட இல்லை. ஊரே அவனை அந்தக் கோலத்தில் அன்றைக்குத்தான் பார்த்தது. நல்லதம்பியிடம் மூட்டை எத்தனை கிலோ என்று கேட்டான். எவ்வளவு நேரமாகத் தொங்குகிறது என்று கேட்டான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். முகத்தில் கோபம் இல்லை, எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதென்று குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. சிலுவையின் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே சரிந்தான்.

108 வந்து விராலிமலைக்குத் தூக்கிப்போய், அங்கேயிருந்து புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் காட்டிய கோடு ஒழுங்கில்லாமல் துள்ளியது. இரண்டு நாள் உயிர் ஊசலாடியது என்று சொன்னால் அது மிகையில்லை. ஸ்கேனில் பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள் தெரிந்தன. பட்டினியால் வந்ததா என்று செல்வி கேட்டாள். வேகமாக இளைத்தால் வருவதுண்டு, ஆனால் முன்னாலேயே இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே செல்விக்கு அவரைப் பிடித்துப்போனது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். ஒரு வேளைகூடப் பட்டினி கூடாது.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சார்லஸே மறுபடி வேடம் கட்டினார். ஊர் முழுக்கத் திடலில் இருந்தது. காவ்யாவும் அங்கே போயிருந்தாள். ஒலிபெருக்கிச் சத்தம் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. மூன்று மணி நெருங்கியபோது செல்வி குழைய வடித்த சோற்றில் பாசிப்பருப்பைக் கடைந்து ஊற்றிக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தாள். பால்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்றைக்கா, இந்த நேரத்திலா என்றான். நோயாளிக்கு ஒருசந்தி உபவாசம் கிடையாதென்று ஃபாதரே வந்து சொல்லிவிட்டுப் போனாரே என்றாள். அவன் தலையாட்டினானே தவிர கையை நீட்டவில்லை.

மழைக்கோட்டைப் பற்றிக் கேட்டாயிற்று, மாட்டைப் பற்றிக் கேட்டாயிற்று, மரத்தைப் பற்றிக் கேட்டாயிற்று. இவனிடம் கேட்க வேண்டிய ஒன்றைத்தான் இத்தனை நாளும் கேட்கவில்லை என்று அவளுக்கு அப்போது பட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒங்களுக்கு எதுக்குப் பயம்?"

வெளியே ஆணியடிக்கிற சத்தம் மைக்கில் கேட்டது.

"நேந்துகிட்டு ஒம்போது வருசமாச்சு," என்றான். "தொங்கலன்னா பிள்ளைக்கு என்னமும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. அங்க குவைத்துல, அதுக்குக் காச்சலுன்னு நீ போன் போட்டாலே வண்டிய ஓரங்கட்டிட்டு ஒக்காந்துருவேன்."

ஒன்பது வருடம். இந்த மனுசன் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு அந்த மணலில் லாரி ஓட்டியிருக்கிறான். செல்விக்கு அவன்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"பிள்ளைய உசுரோட கேட்டீங்க, குடுத்துட்டாரு," என்றாள். "ஒங்க உசுர அவரு கேக்கலங்க. நீங்களாத்தேன் கொண்டுபோய்க் குடுக்கப் பாத்தீங்க. அப்பன் இல்லாம அந்தப் பிள்ளைய வளக்கச் சொல்லவா அவரு பொழைக்க வச்சாரு?"

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. தட்டைத் தொடவில்லை. ஊரே பட்டினி கிடக்கிற நாளில், தான் ஒருவன் மட்டும் சாப்பிடுவது அவனால் ஆகாதென்று அவளுக்குப் புரிந்தது.

செல்வி எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். நினைவு தெரிந்த நாள் முதல் பெரிய வெள்ளியன்று அவள் சாப்பிட்டதில்லை. பானையிலிருந்து சோற்றைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு, திடலில் எல்லோரும் முழங்காலில் நின்ற அந்த நேரத்தில், ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

பால்ராஜ் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தான். வெளியே ஒலிபெருக்கி அடங்கிவிட்டது. அவள் இரண்டாவது வாயும் சாப்பிட்டாள். அவன் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். விரலால் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டான். பிறகு தட்டை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னுங் கொஞ்சம் வையி," என்றான்.